கிணற்றுக்குள் ஆளை இறக்கிவிட்டு மேலே நிற்பது எப்படி

கொக்கிளாயில் சுரங்கம் கிடையாது. இல்மனைற் உண்டு. ஆனால் அது கடற்கரை மணலோடு மணலாக மேலேயே கிடக்கிற கறுப்புச் சாமான். முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் புல்மோட்டையில் 1957இல் அரசாங்கம் கூட்டுத்தாபனம் அமைத்து அள்ளத் தொடங்கியதும் கரையிலிருந்துதான். நிலத்துக்குக் கீழே இறங்கிப் பிழைக்கிற தொழிலைப் பார்ப்பதென்றால் தெற்கே காரீயச் சுரங்கம் இருக்கிற போகலவுக்கோ கஹட்டகஹவுக்கோ போகவேண்டும் என்று நினைப்பீர்கள். வேண்டாம், பஸ் காசு மிச்சம். உங்கள் வளவிலேயே ஒன்று வாயைத் திறந்தபடி இருக்கிறது. ஆவணியில் தண்ணீர் அடியைத் தொட்டதும் அதற்குள் ஒரு மனிதனை இறக்கிச் சேறு அள்ளுவிக்கப் போகிறீர்கள்.

அதை எப்படிச் செய்வது என்பதற்கே இந்தக் குறிப்பு. இது கிணற்றுக்காரருக்காக எழுதியது. இறங்குகிறவருக்கு இதில் ஒன்றுமில்லை.

இந்தப் பக்கத்தில் கிணறு இறைப்பது புதிய வேலையல்ல. 1984 கடைசியில் ஊரைவிட்டு எழுப்பப்பட்ட கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணிச் சனம், போர் முடிந்து திரும்பி வந்தபோது பற்றைக்குள் முதலில் தேடியது கிணற்றைத்தான். உள்ளே என்ன கிடக்கிறது என்று தெரியாமலே இறைக்கவேண்டியிருந்த காலம் அது. அதற்கு முன்னர் 2004 சுனாமி கிழக்குக் கரை நெடுகப் பல்லாயிரம் கிணறுகளை உப்பாக்கிவிட்டுப் போயிருந்தது. ஆளாளுக்கு மிசினைக் கொண்டுவந்து ஓயாமல் இறைத்தார்கள். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியில் நிற்கிற உவர்நீரும் சேர்ந்து மேலே ஏறும் என்று நீர் நிபுணர்கள் பிறகு விளங்கப்படுத்தினார்கள். மிசின் ஓடுகிற சத்தம் கேட்டால் வேலை நடக்கிறது என்ற நம்பிக்கை நமக்கு. இந்தக் குறிப்பு முழுவதும் அந்த நம்பிக்கையின் மேலேதான் நிற்கிறது.

முதலில் ஆள் பிடிக்கவேண்டும். கேள்வி கேட்காத ஆளாகப் பாருங்கள். நாட்கூலி பேசாதீர்கள், கொந்தறாத்தாகப் பேசுங்கள். கெதியாக முடித்தால் அவருக்கு லாபம். கெதியாக முடிக்க நினைப்பவர், புகை போகட்டும், காற்று மாறட்டும் என்று கிணற்றடியில் குந்தியிருக்க மாட்டார். நீங்கள் ஒருவரையும் அவசரப்படுத்தத் தேவையில்லை, காசு அந்த வேலையைச் செய்துவிடும்.

சட்டத்துக்குப் பயப்படாதீர்கள். தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கம், தொழிற்சாலைகளுக்கானது. உங்கள் கிணறு தொழிற்சாலையா? இல்லை. பரிசோதகர் படலையைத் திறந்து வந்து கயிறு எங்கே, கருவி எங்கே என்று கேட்கப்போவதில்லை. வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934இலிருந்தே இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் சம்பளம் கையில் போகிறது, துண்டு எழுதுவதில்லை. யார் யாருக்கு வேலை செய்தார் என்று பிறகு அவரது மனைவிதான் சாட்சி தேடித் திரியவேண்டும்.

இனி மிசின். கரையோரத்தில் உங்களுக்குச் சிரமமில்லை, மணலில் அதிக ஆழம் போகாமலே தண்ணீர் வந்துவிடும். மிசினை மேலே வைத்துக் குழாயை உள்ளே விட்டால் இழுக்கும். நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் என்று உள்ளே போகப் போகத்தான் கதை மாறும். மேலே இருக்கிற பம்ப் உண்மையில் தண்ணீரை இழுப்பதில்லை. அது குழாய்க்குள் இருக்கிற காற்றை எடுத்துவிடுகிறது, வெளியே இருக்கிற காற்றின் அழுத்தம் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளி ஏற்றுகிறது. கணக்குப்படி அந்தத் தள்ளல் 10 மீற்றருக்கு மேல் போகாது. தேய்ந்த வால்வும் ஒழுகுகிற மூட்டும் சேர்ந்தால் ஏழெட்டு மீற்றர், நம்முடைய பேச்சில் இருபத்தைந்து அடி. அதற்குக் கீழே தண்ணீர் போய்விட்டால் எத்தனை குதிரைவலு மிசினென்றாலும் சத்தம் மட்டும்தான் வரும்.

அப்போது இரண்டு வழி உண்டு. ஒன்று, மின்சாரத்தில் ஓடும் நீர்மூழ்கி மோட்டரைக் கயிற்றில் இறக்கி, உள்ளே ஆள் இல்லாத நேரம் ஓடவிட்டு, நிறுத்தி, வயரைக் கழற்றிய பிறகு ஆளை இறக்குவது. மற்றது, கிணற்றுக்குள்ளே குறுக்கே பலகை போட்டுப் பெற்றோல் மிசினை அதன்மேல் ஏற்றி வைப்பது. முதலாவதற்கு மோட்டர் வாடகைக்கு எடுக்கவேண்டும், வயர் இழுக்கவேண்டும். ஆகவே இரண்டாவதைச் செய்யுங்கள், எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள்.

மிசினின் புகைக்குழாய் இப்போது கிணற்றுக்குள் ஊதும். அதிலிருந்து வருகிற காபனோரொட்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினை ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். தலையிடிக்கும், தலை சுற்றும், கால் சோரும். கால் சோர்ந்தபின் ஏணி இருந்தும் பயனில்லை. புத்தியும் சேர்ந்து மங்குவதால், எனக்கு ஏதோ செய்கிறது என்று மேலே சொல்லவேண்டும் என்ற எண்ணமே அவருக்கு வராது. மிசினை நிறுத்திவிட்டுத்தானே ஆளை இறக்கினோம் என்று பிறகு பொலிசுக்குச் சொல்வீர்கள். உண்மையாகவும் இருக்கும். மிசின்தான் நின்றது, கிணற்றுக்குள் காற்றோட்டம் ஏது, புகை அங்கேயேதான் நின்றது.

காற்றைச் சோதிக்க நம்மவர்களிடம் ஒரு பழைய வழி இருக்கிறது. அரிக்கன் லாம்பைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். நூர்ந்தால் இறங்கக்கூடாது. இதைப் பகிடி பண்ண மாட்டேன், நல்ல சோதனைதான். வழமையான காற்றில் ஒட்சிசன் 21 வீதம், ஏறக்குறைய 16 வீதத்துக்கு வந்தால் சுடர் நிற்காது. இலைகுழை அழுகிக் காபனீரொட்சைட்டு அடியில் தேங்கியிருந்தால் லாம்பு உடனே காட்டிக்கொடுத்துவிடும். காபனோரொட்சைட்டு விஷயத்தில்தான் அது ஊமை. ஆளைக் கொல்லக்கூடிய அளவு இருந்தாலும் சுடர் அசையாமல் நின்று எரியும். ஐதரசன் சல்பைட்டு என்றால் கூழ்முட்டை மணம் வரும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போகும், மணம் போய்விட்டது, இனி இறங்கலாம் என்று சந்தோசப்படுவீர்கள்.

இங்கிலாந்துச் சுரங்கங்களுக்கு ஹம்ஃப்ரி டேவி 1815இல் வலைபோட்ட விளக்கைச் செய்துகொடுத்தது வாயு வெடிக்காமல் இருப்பதற்கு. காபனோரொட்சைட்டை அறிய அதற்குப் பல காலம் பின்னர் ஜோன் ஸ்கொட் ஹால்டேன் என்ற உடற்றொழிலியலாளர் கனேரிக் குருவியைச் சிபாரிசு செய்தார். மனிதன் விழுமுன் குருவி விழும். 1986இல்தான் பிரித்தானியச் சுரங்கங்கள் குருவிக்கு ஓய்வு கொடுத்துக் கருவியை எடுத்தன. கொக்கிளாயில் குருவிக்கு என்ன பஞ்சம்? களப்பு முழுவதும் 1951இலிருந்து பறவைகள் சரணாலயம். ஆனால் அங்கே ஒரு பறவையைப் பிடித்தால் வனஜீவராசிகள் திணைக்களம் வந்து நிற்கும். மனிதனை இறக்கினால் ஒரு திணைக்களமும் வராது. சட்டச் சிக்கல் வேண்டாமென்றால் மனிதனையே இறக்குங்கள்.

ஒட்சிசன், காபனோரொட்சைட்டு, ஐதரசன் சல்பைட்டு, தீப்பற்றும் வாயு ஆகிய நாலையும் அளந்து கத்துகிற கருவி இப்போது உள்ளங்கை அளவுக்கு வந்துவிட்டது. அதை வீட்டுக்கு வீடு வாங்கவேண்டியதில்லை. பிரதேச சபையிலோ கமக்காரர் அமைப்பிலோ ஒன்றை வைத்து, தெளிகருவி கொடுக்கிறதுபோல நாள் வாடகைக்குக் கொடுக்கலாம். இப்படியெல்லாம் யோசிக்கத் தொடங்கினால் மாரி வந்துவிடும், வேலையைப் பாருங்கள்.

இனித்தான் முக்கியமான பகுதி. இறங்கியவரோடு கதைப்பது எப்படி?

“தம்பி, என்ன மாதிரி?”

“ஓம் அண்ணை!”

முதல் அரைமணித்தியாலத்துக்கு இது போதும். பிறகு தண்ணீர் ஊறி மிசினை மறுபடி ஓட்டினால் நீங்கள் கேட்டதும் அவருக்குக் கேளாது, அவர் சொன்னதும் உங்களுக்குக் கேளாது. மிசினை நிறுத்தினாலும் கிணற்றுக்கட்டில் பட்டு வருகிற குரல் குழம்பித்தான் வரும். கவலை வேண்டாம், வாளி மேலே வருகிறதல்லவா? வாளி வரும்வரை ஆள் இருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கயிற்றால் சைகை காட்டலாமே என்று யாராவது பெரியவர் சொல்லுவார். இதற்கு முன்கூட்டியே பேசி வைக்கவேண்டும்: ஒருமுறை இழுத்தால் என்ன, இரண்டுமுறை இழுத்தால் என்ன என்று. கோலார் தங்கவயலில் அப்படித்தான் பேசி வைத்திருந்தார்கள். அங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீற்றருக்கு மேல் ஆழம். வட ஆர்க்காடு, சேலம் பக்கத்திலிருந்து போன தமிழ்ச் சனம் தலைமுறை தலைமுறையாக அதில் இறங்கியது. ஆள் ஏறுகிற கூண்டை மேலே இழுப்பதும் கீழே விடுவதும் மணியடிச் சைகையில் நடக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு அடி கேட்டால் நிறுத்தவேண்டும். கூண்டு ஓடுகிற நேரத்தில் மேலே இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருப்பவர் கைபிடியை விட்டு அசையக்கூடாது, மணியைக் கேட்பதும் கூண்டை ஓட்டுவதும்தான் அவருக்கு வேலை. 2001 பெப்ரவரி கடைசியில் சுரங்கத்தை மூடும்வரை, கீழே இருப்பவனுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு ஒருவன் மேலே சம்பளம் வாங்கினான். உங்கள் கிணற்றடியில் அப்படி ஒருவனை வைத்தால் அவனுக்குச் சோறு, தேத்தண்ணி, கூலி. வீண்செலவு.

இடுப்பிலோ நெஞ்சிலோ கயிறு கட்டி அதன் மற்ற நுனியை மேலே ஒருவர் பிடித்திருப்பதும் இந்த வகைச் செலவுதான். கயிறு இருக்கிறது, ஆனால் அது வாளிக்கு. கப்பியும் வாளிக்கு. சேற்றுக்கு மேலே வர வழி இருக்கிறது, ஆளுக்கு இல்லை.

கைத்தொலைபேசி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. உங்களிடம் ஒன்று, வீட்டுக்காரியிடம் ஒன்று, பெடியனிடம் ஒன்று. இறங்கியவருடையது வேலியில் தொங்குகிற சேட்டுப் பையில். அதை நனையாத உறையில் போட்டுக் கூட அனுப்பினாலும் பெரிய பயனில்லை, ஈரமண்ணும் பாறையும் றேடியோ அலையை விழுங்கிவிடும். சுரங்கங்களில் இதற்காகவே மேலுறையில் இடைவெளி விட்ட கேபிளை நடைபாதை நெடுக இழுத்து, அலையை அதிலிருந்து கசியவிடுகிறார்கள். சில உலோகச் சுரங்கங்களில் அதற்கும் எளிதான வழி ஒன்று உண்டு. ஆபத்து என்றால் காற்று போகிற குழாயில் எதைல் மேர்கப்ரான் என்ற நாற்றத்தைக் கலந்துவிடுவார்கள். வீட்டுக் காஸ் ஒழுகினால் அடிக்கிற மணமும் இந்தச் சாமானால்தான். இடிமுழக்க இரைச்சலில் காது அடைத்தவனுக்கும் மூக்கு வேலை செய்யும். கருவியைவிட அந்தக் கெட்டித்தனம் எனக்குப் பிடித்திருக்கிறது.

உங்கள் கிணற்றடியிலும் தொடர்பாடல் தொழில்நுட்பத்துக்குக் குறைவில்லை. கிணறு துப்புரவாக்கக் காசு அனுப்பிய அண்ணை ஸ்காபரோவிலிருந்து வட்சப் வீடியோவில் நிற்கிறார். அங்கே இரவு. பாவம், நித்திரை முழித்துப் பார்க்கிறார்.

“கமராவைக் கொஞ்சம் பதி. சேறு எவ்வளவு கிடக்கு?”

“இன்னும் கொஞ்சந்தான் அண்ணை.”

“வடக்குக் கட்டிலை வெடிப்பு இருக்கோ பார். ஊத்துக்கண்ணைக் காட்டு. எட, ஏன் படம் ஆடுது?”

படம் ஆடுகிறது, ஏனென்றால் நீங்கள் ஒரு கையால் கட்டைப் பிடித்துக்கொண்டு மறுகையைக் கிணற்றுக்குள் நீட்டியிருக்கிறீர்கள். கயிறு பிடிக்கவேண்டிய கை அது. பதின்மூவாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் இருப்பவர் கட்டில் இருக்கிற வெடிப்பை எண்ணுகிறார். இருபத்தைந்து அடிக்கும் கீழே இருப்பவர் திரையின் ஓரத்தில் ஒரு தலையும் ஒரு தோளுமாக வந்து வந்து போகிறார். சிக்னல் போனால் நீங்கள் பதறி எழுந்து வளவெல்லாம் நடந்து அதைப் பிடிப்பீர்கள். அப்படி எழுந்து போகிற அந்த ஐந்து நிமிடம் கிணற்றடியில் ஒருவரும் இல்லை. இதைவிடச் சிறந்த முறையை நான் எங்கும் கண்டதில்லை.

பெரிய இடங்களில் இதை எப்படிச் செய்தார்கள் என்று பார்த்தால் உங்களுக்கு மனம் ஆறும். அமெரிக்காவில் மேற்கு வேர்ஜீனியாவில் சேகோ நிலக்கரிச் சுரங்கம், 2006 ஜனவரி 2. வெடிப்புக்குப் பிறகு 13 பேர் உள்ளே அகப்பட்டார்கள். படித்திருந்தபடியே கூரையில் பொருத்திய இரும்பாணிகளைச் சுத்தியலால் அடித்தார்கள், மேலே கேட்கும் என்று. மேலே அந்தத் தட்டலைக் கேட்கக் கருவி வைத்து ஒருவரும் இருக்கவில்லை. மீட்புக் குழு போய்ச் சேர்ந்தபோது ஒருவர்தான் உயிரோடு. முகமூடி போட்ட வாயிலிருந்து அந்தச் செய்தி றேடியோ றேடியோவாகக் கைமாறி மேலே வரும்போது, 12 பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று ஆகிவிட்டது. தேவாலயத்தில் காத்திருந்த குடும்பங்கள் கட்டிப்பிடித்து அழுது கொண்டாடின. ஏறக்குறைய மூன்று மணித்தியாலம் கழித்தே உண்மையைச் சொன்னார்கள். அந்த வருட ஜூன் மாதமே, மூன்று வருடத்துக்குள் கம்பியில்லா இருவழித் தொடர்பு வேண்டும் என்று சட்டம் வந்தது. அதாவது தொழில்நுட்பம் அதற்கு முன்னரே முடியாத காரியமாக இருக்கவில்லை. பன்னிரண்டு பேர் சாகும்வரை அவசரமாக இருக்கவில்லை.

சிலியில் 2010 ஓகஸ்ட் 5இல் சான் ஹோசே சுரங்கத்தில் 33 பேர். பதினேழு நாள் துளைபோட்டுத் தேடி, மேலே இழுத்த துளைக்கோலில் கட்டியிருந்த கடதாசித் துண்டைப் பார்த்துத்தான் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரிந்தது. பிறகு அவர்களோடு பேச இறக்கியது எந்தப் பெரிய கொம்பனியின் கருவியுமல்ல. பெத்ரோ காயோ என்ற உள்ளூர்ச் சிறு வியாபாரி பழைய தொலைபேசிப் பாகங்களை ஒட்டிச் செய்துகொண்டு வந்தது. முதலில் அந்த மனிதரை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. இந்தியாவில் 2023 தீபாவளி அன்று, நவம்பர் 12, சில்க்யாராச் சுரங்கப் பாதை இடிந்து 41 பேர் உள்ளே அடைபட்டார்கள். அவர்களுக்குக் காற்றும் கடலையும் குரலும் போனது நாலு அங்குலக் குழாய் ஒன்றால். அது இவர்களைக் காப்பாற்றப் போட்ட குழாயல்ல, தண்ணீர் இறைக்கப் போட்டது. பதினேழாம் நாள் எல்லாரும் வெளியே வந்தார்கள். தண்ணீர் இறைக்கிற குழாய் உங்களிடமும் இருக்கிறதே என்று சந்தோசப்படாதீர்கள், உங்களுடையதன் மற்ற நுனியில் மிசின் பூட்டியிருக்கிறது.

கடைசியில் வாளி வராமல் நிற்கும்.

“எட, சத்தத்தைக் காணேல்லை. தம்பி! தம்பி!”

இப்போது ஊர் வழக்கப்படி செய்யவேண்டியது ஒன்றுதான். பக்கத்தில் நிற்கிற மச்சான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கவேண்டும். அவரையும் காணவில்லையென்றால் அவருடைய தமையன். இதில் நாம் தனியாட்கள் இல்லை. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986இல் விட்ட எச்சரிக்கையில், இப்படியான அடைபட்ட இடங்களில் செத்தவர்களில் நூற்றுக்கு 60 பேருக்கு மேல் காப்பாற்றப் போனவர்கள் என்று கணக்குக் காட்டியிருந்தது. முதல் ஆளின் நெஞ்சில் ஒரு கயிறும் மேலே ஆளைத் தாங்கக்கூடிய முக்காலியும் இருந்திருந்தால், இரண்டுபேர் கட்டில் நின்றபடியே இழுத்திருக்கலாம், ஒருவரும் இறங்கத் தேவையில்லை. ஆனால் கயிற்றில் ஆளை விட்டு வாளியைத்தானே கட்டினீர்கள். ஊதுகிற மிசின் ஒன்றால் காற்றை அடித்து உள்ளே அனுப்பலாம், தண்ணீரைத் தெளித்து ஊற்றலாம் என்பார்கள். அதெல்லாம் ஆள் இறங்குவதற்கு முந்திய வேலை.

பிறகு தொலைபேசியில் 1990ஐ எடுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் 2018இல் வடக்குக்கும் வந்துவிட்டது, காசு இல்லை, வரும். மாஞ்சோலை வைத்தியசாலைக்குக் கொண்டுபோவார்கள். மறுமுனையில் இருப்பவர் நிதானமாக எந்த இடம், எந்த வீதி என்று கேட்பார். முகத்துவாரத்துக்குப் போற பாதையிலை, பனையடியிலை திரும்பினால் இரண்டாவது ஒழுங்கை, நீலப் படலை என்று சொல்லுங்கள். யாரையாவது பிரதான வீதிக்கு மோட்டர்சைக்கிளில் அனுப்பி நிற்கச் சொல்லுங்கள். ஸ்காபரோ அண்ணையின் அழைப்பை முதலில் வெட்டவேண்டும், இல்லாவிட்டால் 1990 எடுபடாது. மிசின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அதை நிறுத்துங்கள், மறுமுனையில் இருப்பவருக்கு நீங்கள் சொல்வது கேட்கவேண்டும்.